ஒரே எண்ணுக்கு இரு பிறப்பு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, ஒரு மாணவனிடம் நான் கூறிய விடை இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. "ஐயா, இரண்டின் வர்க்கமூலத்தை ஒரு நூல் ஒருவிதமாகவும் மற்றொரு நூல் வேறுவிதமாகவும் ஆக்கிக் காட்டுகின்றனவே, இவற்றுள் உண்மையான எண் எது?" என்று அவன் வினவினான். "தேர்வுக்கு எது வேண்டுமோ அது" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். அவன் கேட்டதில் தவறில்லை, தவறியவன் நானே.

1858-ஆம் ஆண்டில் ஸூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் நுண்கணிதம் கற்பிக்கப் புகுந்த டெடிகிண்ட் என்னும் ஜெர்மானியர், அதன் அடிப்படையை நிறுவக் கோட்டுப் படத்தின் துணையை நாடவேண்டியிருக்கிறதே என்று வருந்தினார். (வகுப்பறையே அவருக்கு இக்குறையை உணர்த்தியது என்பதில் ஆசிரியனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி.) அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் வழி புலப்பட்டது. முழு எண்களும் பின்னங்களும் அடங்கிய விகிதமுறு எண்கள் அனைத்தையும் கீழ்த்தொகுதி, மேல்தொகுதி என இரண்டாக அவர் வெட்டினார். வர்க்கம் இரண்டுக்கு மேற்பட்ட மிகை எண்கள் மேலே, ஏனையவை கீழே. அந்த வெட்டே இரண்டின் வர்க்கமூலம்!

1872-இல் இதனை வெளியிட அவர் முன்னுரை எழுதிக்கொண்டிருக்கையில், ஜார்ஜ் கான்டரின் கட்டுரை அவர் கைக்கு வந்தது. கான்டரோ 1, 1.4, 1.41, 1.414 என நெருங்கிச் செல்லும் வரிசையைக் கொண்டு அதே எண்ணை ஆக்கியிருந்தார். ஒன்று வெட்டு, மற்றொன்று வரிசை. பொருளால் இரண்டும் வேறு.

ஆயினும் கூட்டலும் பெருக்கலும், சிறிது பெரிது என்னும் முறையும் சிதையாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் இடலாம். அத்தகைய பாலம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஏனெனில் விகிதமுறு எண் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கே செல்லவேண்டும். இரண்டின் வர்க்கமூலமோ 1.41-க்கும் 1.42-க்கும் நடுவே, பின்னர் 1.414-க்கும் 1.415-க்கும் நடுவே என அடைபட்டுக்கொண்டே போகிறது. செல்லுதற்கு வேறிடம் அதற்கில்லை.

எல்லாப் பாலங்களும் இவ்வாறு அமைவதில்லை. கேட்டகரிக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த தம் 1945-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஐலன்பெர்க், மக்லேன் இருவரும் இதனையே முதலில் எடுத்துரைத்தனர். முடிவுள்ள பரிமாணம் கொண்ட வெக்டர் வெளியை, அதன் நேரியல் சார்புகளாலான இருமைவெளியோடு இணைக்க அச்சுகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்; அச்சுகளை மாற்றினால் பாலமும் மாறக்கூடும். இருமையின் இருமையோடு இணைக்கவோ அச்சே வேண்டா. வெக்டர் ஒன்றைச் சார்புகளில் இட்டுப் பெறும் மதிப்புகளே அதனை அங்கே குறித்துவிடுகின்றன.

1948-இல் பிரெஞ்சுக் கணிதர் பியேர் சாமுவேல், ஒரு பொருள் எதனால் ஆனது என்று கேளாமல், ஏனையவற்றோடு அது எவ்வாறு இணையவேண்டும் என்ற நிபந்தனையால் அதனைக் குறிக்கும் முறையைப் பொதுவாக்கினார். நிபந்தனைக்குப் பொருந்துவன இரண்டு கிடைப்பின், அதற்கிசைந்த பாலம் அவற்றிடையே ஒன்றே. டெடிகிண்டும் கான்டரும் கட்டியவை அத்தகைய இரண்டு.

அன்று வெட்டையும் வரிசையையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, அப்பாலத்தை அம்மாணவனையே போடச் சொல்லியிருக்கலாம். மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.