துரும்பு என்னும் சொல்

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பது பழமொழி. அங்கே துரும்பு அற்பமான பொருள். சீட்டாட்டத்திலோ துரும்பே மற்றவற்றை வெல்லும் சீட்டு. இம்முரண் எவ்வாறு எழுந்தது?

பின்னது கடல்வழி வந்த சொல். வெற்றிவிழாவைக் குறித்த 'திரியும்புஸ்' என்னும் இலத்தீன் சொல், போர்த்துக்கேய மொழியில் 'துருன்பு' எனவும், ஒல்லாந்த மொழியில் 'துரூப்' எனவும், ஆங்கிலத்தில் 'திரம்ப்' எனவும் திரிந்து, வெல்லும் சீட்டுக்குப் பெயராயிற்று. திருகோணமலையில் 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தகைய துறைமுகங்களின் வழியே வந்த அந்நியச் சொல், தமிழர் நாவில் முன்னரே பழகியிருந்த 'துரும்பு' என்னும் ஒலியோடு ஒன்றிவிட்டது.

இலங்கையில் பெருவழக்கான 'முந்நூற்று நான்கு' ஆட்டத்தில், அதிகம் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். வேண்டிய வேளையிலேயே அது வெளிப்படும். அதற்கேற்ப, தக்க தருணம்வரை மறைத்து வைக்கும் வலிமையையும் அச்சொல் உணர்த்துகிறது. ஆட்டம் அறியாதோரும் இன்று அரசியலில் 'துரும்புச் சீட்டு' என்கின்றனர்.

துறைமுகத்தையே துரும்பாகக் கருதின பேரரசுகள். 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளமும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆடியவர்கள் எழுந்து சென்றனர். அவர்களுடைய சொல் தமிழாகவே தங்கிவிட்டது.