மாறாத எண்ணை எதற்கு எழுத வேண்டும்?

அணைப் பிரிவில் வேலை பார்த்தபோது தினமும் காலை எட்டு மணிக்கு நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். கோடையில் வாரக்கணக்கில் எண் அசையாது. "நேத்து எழுதினதேதானே சார், இன்னிக்கும் எதுக்கு எழுதணும்?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கேட்டான். "எழுதுப்பா, விதி அப்படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதில் ஓய்வு பெற்ற பிறகு, ஓசோன் ஓட்டையின் கதையைப் படித்தபோதுதான் கிடைத்தது.

அண்டார்டிகாவில், கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு ஒன்றின் மேல் 1956இல் பிரிட்டன் ஹாலி என்ற நிலையத்தை அமைத்தது. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்கான ஏற்பாடு அது. அங்கே டாப்சன் என்ற விஞ்ஞானி வடிவமைத்த கருவியை வைத்து, தலைக்குமேல் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்தார்கள். சூரியனின் புற ஊதாக் கதிர்களை ஓசோன் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு குறைந்து வந்து சேர்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் சூரியன் தலைகாட்டாத இடம். சூரியன் திரும்பியதும் மறுபடி அளவு எடுப்பார்கள். கையால் எழுதி வைப்பார்கள். பல ஆண்டுகள் அதில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. அக்டோபர் மாத அளவு 300 டாப்சன் அலகை ஒட்டியே இருந்தது.

1977இல் ஜோனதன் ஷாங்க்ளின் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். குவிந்து கிடந்த பழைய அளவுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு அவருக்கு. ஸ்பிரே டப்பாக்களில் இருக்கும் குளோரோ புளோரோ கார்பன் ஓசோனை அழிக்கக்கூடும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதியதிலிருந்தே மக்களிடம் பயம் இருந்தது. நிலைமை மாறவில்லை என்று காட்டத்தான் ஷாங்க்ளின் கணக்குப் போட்டார். எண்களோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தன. 1984 அக்டோபரில் 200க்கும் கீழே!

அவருடைய மேலதிகாரி ஜோ ஃபார்மன் உடனே நம்பிவிடவில்லை. கருவி பழசு, அதன் கோளாறோ என்று சந்தேகப்பட்டார். வேறு கருவி அனுப்பி அளந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அமெரிக்கச் செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த அளவுகளைப் பதிவு செய்துதான் இருந்தது. ஆனால் அவை சந்தேகத்துக்குரியவை என்று கணினி ஒதுக்கிக் குறித்திருந்தது.

இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. பிறகு உலக நாடுகள் எல்லாமே அதில் சேர்ந்தன. அந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்குபவையும்கூட என்பதால், பருவநிலைக்கும் அது நல்லதாயிற்று. அண்டார்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பலாம் என்று ஐ.நா. மதிப்பீடு சொல்கிறது. அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். பேரன் இருப்பான்.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. பார்த்தால் சொல்வேன்: "தம்பி, சலிக்காமல் எழுதி வைத்த அந்த 300கள் இல்லாவிட்டால், 200 என்பது ஆபத்து என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?"