புயலில் பயிர் போச்சா? விவசாயிக்கு அரசு நிவாரணம் எவ்வளவு, யாருக்கு கிடைக்கும்? முழு விவரம்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 நிவாரணம் என தமிழக அரசு அறிவித்தது. இந்தத் தொகை எப்படி முடிவாகிறது? எல்லா விவசாயிக்கும் கிடைக்குமா? பார்க்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாநில பேரிடர் நிவாரண நிதியில் இருந்து. தமிழகம் போன்ற மாநிலங்களில் இதில் 75% மத்திய அரசின் பங்கு, 25% மாநில அரசின் பங்கு. புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பூச்சித் தாக்குதல் ஆகியவற்றோடு தீயும் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

2026 மார்ச் வரையிலான காலத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த தொகை (ஹெக்டேருக்கு):

- மானாவாரி பயிர்: ரூ.8,500
- பாசன வசதியுள்ள பயிர்: ரூ.17,000
- பல்லாண்டு பயிர்கள்: ரூ.22,500

கால்நடை இறந்தால் கறவை மாடு, எருமைக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100.

ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அதாவது நெல்லுக்கு ஏக்கருக்கு சுமார் ரூ.6,900தான். காரணம், இது விளைச்சலுக்கான இழப்பீடு அல்ல. அடுத்த சாகுபடிக்கு விதை, உரம் வாங்க உதவும் 'இடுபொருள் மானியம்'.

முக்கியமான 2 நிபந்தனைகள்

முதலாவது, பயிர் 33% அல்லது அதற்கு மேல் சேதமாகியிருக்கணும். 30% சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவானால் ஒரு ரூபாய்கூட வராது. 2015-க்கு முன்பு இந்த வரம்பு 50% ஆக இருந்தது.

இரண்டாவது, ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர் வரைதான். 8 ஏக்கர் நெல் முழுவதும் அழிந்தாலும் இந்த விதிப்படி ரூ.34,000-க்கு மேல் கிடையாது.

மாநில அரசு கூடுதலாகத் தரலாமா?

தரலாம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தமிழக அரசு ஒரு தென்னைக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500 என மொத்தம் ரூ.1,100 அறிவித்தது. புதுக்கன்று காய்க்க பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவும் போதாது என்றே விவசாயிகள் சொன்னார்கள்.

விவசாயி என்ன செய்யணும்?

- சேதத்தை உடனே விஏஓவிடமும் வேளாண் அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலரிடமும் தெரிவிக்கணும். வருவாய்த் துறையும் இந்தத் துறைகளும் சேர்ந்துதான் கணக்கெடுக்கும்.
- தண்ணீர் வடிவதற்குள் வயலை போட்டோ எடுத்து வைப்பது நல்லது.
- சிட்டா, அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புக் நகல்களைத் தயாராக வைத்திருக்கணும். பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

குத்தகை விவசாயிகள்தான் அதிக கவனமாக இருக்கணும். சாகுபடி செய்வது யார் என்பதற்கு அடங்கல்தான் ஆதாரம். அதில் பெயர் இல்லையென்றால், பயிரை இழந்தவர் ஒருவர், பணம் பெறுபவர் இன்னொருவர் என்றாகிவிடும். விதைத்த உடனேயே பதிவைச் சரிபார்ப்பது நல்லது.

பயிர் காப்பீடும் இதுவும் ஒன்றா?

இல்லை. நிவாரணத்துக்கு பிரீமியம் கிடையாது. பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் காப்பீட்டுத் தொகையில் காரிஃப் பருவத்துக்கு 2%, ரபிக்கு 1.5%, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5% வரை விவசாயி கட்டணும். அதுவும் கடைசித் தேதிக்குள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு யோசித்தால், பல நேரங்களில் அந்தத் தேதி முடிந்திருக்கும்.