தபாற்கந்தோரிலேயே தங்கிவிட்ட கடிதங்கள்

இணையத்திலுள்ள மின்னஞ்சல்களைச் சொந்தக் கணினிக்கு இறக்கிச் சேமித்து வைப்பதனைப் பலர் இன்று ஒரு மேலதிக வேலையாகவே கருதுகின்றனர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது. மின்னஞ்சல் ஒரு காலத்தில் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதனைத் தபாற்கந்தோரிலேயே விட்டுவைக்கும் வழக்கம் பின்னர் வந்ததாகும்.

1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பிய காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. கணினிகள் பெரியவை, பலருக்குப் பொதுவானவை, எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தவை. கடிதம் வந்த கணினியிலேயே அமர்ந்து அதனைப் படித்தார்கள். 1980களில் மேசைக் கணினிகள் பரவியபோதுதான் சிக்கல் தோன்றியது. இரவில் அணைத்துவிடும் கணினிக்கு யார் கடிதம் கொண்டுவந்து கொடுப்பது? இதற்கு விடையாக 1984 ஒக்டோபரில் வெளியானதே ‘பொப்’ எனப்படும் நெறிமுறை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஜோய்ஸ் ரெனோல்ட்ஸ் அதனை எழுதினார். அதன் விரிவான பெயரிலேயே தபாற்கந்தோர் என்ற சொல் இருக்கிறது. கடிதம் வழங்கியில் காத்திருக்கும்; உரியவர் தமது கணினியிலிருந்து தொடர்புகொண்டு எடுத்துச் செல்வார்; எடுத்தபின் அங்கே பிரதி எதுவும் இருக்க வேண்டியதில்லை. 1996இல் வெளியான மூன்றாம் பதிப்பின் ஆவணம், பயனர்கள் கடிதங்களை வழங்கியிலேயே குவித்து வைப்பதனை ஒரு நிர்வாகத் தொல்லையாகவே பேசுகிறது.

இலங்கையில் 1995இல் வர்த்தக ரீதியான இணையச் சேவை தொடங்கியபோது நாம் பழகியதும் இந்த முறையையே. தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும். எனவே இணைப்பை ஏற்படுத்தி, கடிதங்களை இறக்கி, உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆறுதலாக வாசிப்பார்கள். இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் எழுதிய ‘யூடோரா’ மென்பொருளும், பின்னர் மைக்ரோசொப்டின் ‘அவுட்லுக் எக்ஸ்பிரஸ்’ஸும் இதற்கே பயன்பட்டன. அவற்றைப் பாவித்தவரின் வன்தட்டில் அவரது கடிதங்கள் அனைத்தும் தாமாகவே சேர்ந்தன. காப்புப் பிரதி எடுக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது.

இந்த ஒழுங்கைப் புரட்டிப்போட்டது ஹொட்மெயில். சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4ஆம் திகதி அதனைத் தொடங்கினர். தொழில் தொடங்கும் திட்டங்களைத் தமது அலுவலகக் கணினி வழியே எழுதிக்கொண்டால் மேலதிகாரிகள் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சமே அந்த எண்ணத்துக்கு வித்திட்டது என்பர். அடுத்த ஆண்டு இறுதியில் மைக்ரோசொப்ட் அதனைச் சுமார் 400 மில்லியன் டொலருக்கு வாங்கியது. சொந்தக் கணினி இல்லாதவருக்கும் முகவரி கிடைத்தது என்பதே இதன் பெரிய சாதனை. புலம்பெயர்ந்தோருக்கும் ஊரில் இருந்தோருக்கும் இது எத்தகைய வரம் என்பதனை நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்பிலும், 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் பெருகிய இணைய நிலையங்களில் அமர்ந்து எழுதப்பட்ட கடிதங்கள் எண்ணிலடங்கா.

ஆயின் அக்கடிதங்கள் எங்கே இருந்தன? எழுதியவரின் வீட்டிலும் இல்லை, இணைய நிலையத்திலும் இல்லை. ஹொட்மெயிலின் இலவசப் பெட்டி 2 மெகாபைட். யாகூவினது 4 மெகாபைட். நாலைந்து புகைப்படங்கள் வந்தால் பெட்டி நிரம்பிவிடும். பழையனவற்றை அழித்தால்தான் புதியது வரும். சில காலம் உள்நுழையாதிருந்தால் பெட்டியே வெறுமையாகும். போதாக்குறைக்கு, கடிதங்களைக் கணினிக்கு இறக்கும் வசதியை யாகூ 2002 ஏப்ரலில் கட்டணச் சேவையாக்கிற்று. போர்க்காலக் குடும்பங்களின் கடிதப் போக்குவரத்தில் ஒரு பெரும்பகுதி இந்தச் சில ஆண்டுகளில், ஒருவரது தீயெண்ணமும் இன்றி, இட நெருக்கடியாலேயே அழிந்தது. இடம்பெயர்ந்தபோது றங்குப்பெட்டியோடு கைவிட்ட கடிதங்களைப் பற்றிப் பேசுகிறோம். இந்த இழப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

2004 ஏப்ரல் முதலாம் திகதி கூகுள் ஒரு கிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலர் எண்ணினர். எதனையும் அழிக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘பொப்’ வசதியையும் இலவசமாகவே கொடுத்தார்கள். கதவு திறந்தே இருந்தது. ஆனால் இடநெருக்கடி தீர்ந்ததும் எடுத்துச் செல்லும் தேவையை எவரும் உணரவில்லை.

2011 பெப்ரவரி 27ஆம் திகதி சில ஜிமெயில் பயனர்கள் பெட்டியைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த வழு, பல நிலையங்களில் வைத்திருந்த பிரதிகளையும் சேர்த்தே அழித்திருந்தது. பாதிக்கப்பட்டோர் 0.02 வீதத்தினரே என்று நிறுவனம் கூறியது. அவர்களைக் காப்பாற்றியது காந்த நாடா! இணையத்தோடு தொடர்பின்றித் தனியே கிடந்த நாடாக்களை வழு எட்டவில்லை. அவற்றிலிருந்தே கடிதங்கள் மீட்கப்பட்டன.

இங்கேதான் பலர் மயங்கும் ஓர் இடம் உண்டு. 1986இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ‘ஐமப்’ முறை, கடிதத்தின் மூலத்தை வழங்கியில் வைத்து, நமது கணினியில் அதன் நிழலை மட்டும் காட்டுவது. அங்கே அழிந்தால் அடுத்த இணைப்பில் இங்கேயும் அழியும். ‘தண்டர்பேர்ட்’ போன்ற மென்பொருளில் கடிதங்கள் தெரிவதனாலேயே அவை காப்பாற்றப்பட்டுவிட்டன என்று கொள்ளலாகாது. அவற்றை உள்ளகக் கோப்புறைக்குப் பிரதி செய்து வேறொரு வன்தட்டிலும் வைத்தால்தான் அது காப்பு. 2013 டிசம்பர் முதல் கூகுளின் ‘டேக்அவுட்’ சேவை முழுப் பெட்டியையும் ‘எம்பொக்ஸ்’ கோப்பாகத் தருகிறது. யுனிக்ஸ் காலத்து எளிய வடிவம் அது: கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கும். நிறுவனங்களின் தனி வடிவங்கள் மறைந்தாலும் இதனைத் திறந்துவிடலாம் என்பதால் நான் இதனையே விரும்புவேன். ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்தோரின் கணக்குகளும் இதில் அடங்கும் என்பதைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும்.

தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோட் பரவும் முன் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதினோம். அந்தக் கடிதத்தில் உண்மையில் பதிந்திருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தது. இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும். கோப்பு பழுதடைந்ததென்று அழித்துவிடாதீர்கள். பாமினி, திஸ்கி ஆகியவற்றை யூனிகோடாக மாற்றும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பிரதியைத் தனியாகவும், மூலத்தை அப்படியேயும் வைத்திருங்கள். எந்த எழுத்துருவில் எழுதியது என்று கோப்பின் பெயரிலேயே குறித்துவிட்டால், பிறகு திறப்பவர் ஊகிக்க வேண்டியிராது.