கரடுதரை ஃபோர்க்லிஃப்டும் டெலிஹேண்ட்லரும்

கட்டுமானக் களத்தில் பளு தூக்கும் இருவகை வண்டிகள். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையின் சிமென்ட் தளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட், மழைக்குப் பிறகு திருமங்கலத்துக் கரிசலில் இறங்கினால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். அங்கே தேவைப்படுவது பெரிய முரட்டு டயர் பூட்டிய கரடுதரை ஃபோர்க்லிஃப்ட். செங்கல் அடுக்கையோ டைல்ஸ் பெட்டிகளையோ நேராக மேலே ஏற்றும், முன்னால் நீட்டாது.

டெலிஹேண்ட்லருக்கு நீளும் கை உண்டு. சாரத்தைத் தாண்டி மாடிக்குள்ளேயே சுமையை வைத்துவிடலாம். பிரிட்டனின் ஜேசிபி நிறுவனம் 1977இல் தன் 'லோடால்' வண்டியைக் கொண்டுவந்தது. அதன் 540-170 மாடல் 4 டன் தூக்கும், ஏறத்தாழ 17 மீட்டர் உயரம் எட்டும். இரண்டும் ஒருசேர நடக்காது என்பதுதான் சூட்சுமம்! கை முன்னே நீள நீளத் தாங்கும் எடை குறையும். முழு நீட்டத்தில் சில நூறு கிலோதான். ஓட்டுநர் அறையிலுள்ள சுமை அட்டவணையைப் பார்க்காமல் லீவரைத் தொடக்கூடாது. கரிசலில், வண்டியை நிலைநிறுத்தும் முன்கால்களுக்கு அடியில் கனமான பலகையும் வேண்டும்.

நம்மூரில் பலரும் எதற்கும் ஹைட்ரா கிரேனையே கூப்பிடுகிறார்கள்.

ஆனால் லாரியிலிருந்து இறக்கி அடுக்க ஃபோர்க்லிஃப்ட் போதும். தோப்பூரில் 2024இல் கட்டுமானம் தொடங்கிய எய்ம்ஸ் மருத்துவமனை போன்ற பல மாடி வளாகங்களில், கை எட்டும் உயரம் வரை, டெலிஹேண்ட்லரே பொருத்தம்.