வயரைப் பிடுங்கினால் போச்சு

எங்க அரிமளம் திருவிழாக் கச்சேரியில் கீபோர்டு கரகரத்தால் வாசிப்பவர் முதலில் வயரைத்தான் பிடுங்கிச் சொருகுவார். சின்தசைசரின் ஆரம்பக் கதையும் வயர் கதைதான். (பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க!)

ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய கருவியில் ஒலி எழுப்ப ஒரு பகுதி, வடிகட்ட ஒரு பகுதி எனத் தனித்தனியாக இருக்கும். எதை எதோடு இணைப்பது என்பது நம் இஷ்டம். 1 வோல்ட் ஏற்றினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். சூடானால் சுருதி நகர்ந்துவிடும், மறுபடி சேர்க்கணும். சத்தமே வரலைன்னா ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். இன்னொரு சிக்கல், அதற்கு ஞாபகசக்தி கிடையாது. வயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போச்சு.

இந்தியாவுக்கு இதெல்லாம் 80களில் சினிமா வழியாக வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தப்பு! 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் வந்துவிட்டது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர், சொந்தமாக சர்க்யூட் கட்டி அதிலேயே கச்சேரி செய்தவர். கூட இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். இவரும் அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்களும் 1972 வரை செய்த இசை டேப்பில் தங்கியது. பல வருடம் யாரும் கேட்கவில்லை. பால் பர்கஸ் தேடியெடுத்து, 2023இல்தான் ஆல்பமாக வந்தது. அவர்கள் போட்ட வயர் இணைப்பு எதுவும் இன்று இல்லை. அந்த டேப்பும் போயிருந்தால்?