டிரெய்லர் எடை வரம்பு (பிரித்தானியா)
காரில் டிரெய்லர் பூட்டி இழுக்க இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் சாலைகளில் சட்டம் வகுத்துள்ள எல்லை. 1997 ஜனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் பெரிய டிரெய்லரை இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 அன்று அந்த நிபந்தனை நீங்கியது. இப்போது சரக்கோடு சேர்த்து 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனால், உரிமம் அனுமதிக்கும் எடையை எல்லாக் கார்களும் தாங்கா. தயாரிப்பாளர் அந்தக் காருக்குக் குறித்த இழுவை எடையே இறுதி வரம்பு.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு விதி கடுமையானது, அது நியாயமும்கூட: நிறுத்தும் பாரம் முழுவதும் காரின் பிரேக்கில்தான் விழுகிறது. ஆகவே 750 கிலோ அல்லது காரின் வெற்றெடையில் பாதி, எது குறைவோ அதுவே உச்சம். 1,200 கிலோ காருக்கு 600 கிலோதான். மோட்டார்வேயில் டிரெய்லருடன் செல்லும் காரின் வேக வரம்பு மணிக்கு 60 மைல்.